இனம் இனத்தோடே

(நமது முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பின் இரண்டாம் நாள் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நிகழ்ச்சி நிரலில் "பட்டி பார்ப்பது எப்படி" என்று என் பெயருக்கு நேரே போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நம் செட் நண்பர் ஒருவர், "என்னப்பா, ரிட்டயர் ஆனதும் பெயின்ட் கான்ட்ராக்ட் எடுக்க ஆரம்பிச்சுட்டியா?" என்று கேட்டார். இல்லை. நான் பேசப்போவது சின்னப் பட்டி. சுவருக்கோ காருக்கோ அல்ல. கையில் அடங்கும் பிளாஸ்டிக் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் பார்க்கிற பட்டி. அதிலும் கடையில் வாங்காமல் வீட்டிலேயே நாமே தயாரித்துக்கொள்கிற பட்டி.

இந்தப் பெரிய சபையில் இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் முகப்பில், படிக்கட்டுக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஸ்பிட்ஃபயர் விமானம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு முந்தைய செட் மாணவர்கள் ஆறு பேர் ஹாஸ்டலில் உட்கார்ந்து ஒட்டியது. ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1970-இல் வெளியிட்ட 1/24 அளவு மாடல். இறக்கையின் முனைக்கு முனை 47 சென்டிமீட்டர். இன்று அதன் இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் இணைப்பு விட்டுப்போய், அன்று வைத்த பட்டி பாளம் பாளமாக உதிர்ந்து, பார்க்கவே பாவமாக நிற்கிறது. புதுப்பிப்புக் கமிட்டியில் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, எடுத்துப் போட்டுவிடலாம். இன்னொன்று, 3டி பிரின்டரில் புதிதாக ஒன்று அடித்து வைத்துவிடலாம். மூன்றாவதாக ஒரு வழி உண்டு என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். முதலில் தொழிலைச் சொல்கிறேன், பிறகு வழக்குக்கு வருகிறேன்.

இடைவெளி ஏன் வருகிறது?

மாடல் கிட் பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும்? கொடியில் காய் தொங்குவதுபோல ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் பாகங்கள் தொங்கும். அந்தச் சட்டத்துக்குப் பெயர் ஸ்ப்ரூ. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் ஓடிய வாய்க்கால் அது. பாகங்களை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சுவது அதுதான். பெரும்பாலோர் குப்பையில் போடுவார்கள். அந்தக் குப்பைதான் இன்றைய கதாநாயகன். அவனை அப்புறம் கவனிப்போம்.

இந்தப் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். அச்சில் அழுத்தி வார்க்கும்போது சூடாக உள்ளே போகிறது, ஆறும்போது சுருங்குகிறது. சுருக்கம் சுமார் 0.4 முதல் 0.7 சதவீதம். அச்சு செய்கிறவர் இதைக் கணக்கில் எடுத்துத்தான் அச்சைக் கொஞ்சம் பெரிதாக வெட்டுகிறார். ஆனால் விமான உடம்பின் இடப்பாதியும் வலப்பாதியும் ஒரே மாதிரி ஆறுவதில்லை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சுருக்கத்தில் 0.1 சதவீதம் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் 1/24 ஸ்பிட்ஃபயரின் நீளம் 38 சென்டிமீட்டர். அதில் 0.1 சதவீதம் 0.38 மில்லிமீட்டர். "ப்பூ, இவ்வளவுதானே" என்று தோன்றும். 24-ஆல் பெருக்குங்கள். அசல் விமானத்தில் அது 9 மில்லிமீட்டர்! சுண்டுவிரல் நுனி நுழைகிற சந்து. சின்ன அளவுகளில் நிலைமை இன்னும் மோசம். 1/72 என்பது ஆறடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கு. அதில் கால் மில்லிமீட்டர் சந்து, அசலில் 18 மில்லிமீட்டர்.

இதோடு வேறு காரணங்களும் சேரும். தடித்த இடத்தில் பிளாஸ்டிக் உள்வாங்கிக் குழி விழும். பல வருடம் ஓடித் தேய்ந்த அச்சின் விளிம்பில் பிளாஸ்டிக் கசிந்து சவ்வு மாதிரி நிற்கும். பெட்டிக்குள் வளைந்துபோன பாகமும் உண்டு. ஆக, இடைவெளி என்பது கட்டுகிறவரின் கைக்குற்றம் மட்டும் அல்ல. வார்ப்புத் தொழிலோடு பிறந்தது.

மேற்பரப்பு அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். அசல் ஸ்பிட்ஃபயர் முதலில் பறந்தது 1936 மார்ச் 5. மேற்பரப்பில் துருத்தாமல் பதியும் ரிவெட்டுகள் உண்மையிலேயே வேகம் கூட்டுகின்றனவா என்று பார்க்க, அந்தப் பொறியாளர்கள் உடைத்த பட்டாணிப் பருப்பை ஒவ்வொரு ரிவெட்டின் தலையிலும் ஒட்டிப் பறக்கவிட்டார்கள். பிறகு வரிசை வரிசையாகப் பருப்பைச் சுரண்டி எடுத்து, எந்த இடத்தில் வேகம் மாறுகிறது என்று பார்த்தார்கள். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் பருப்பையும் விடவில்லை. மேற்பரப்பின் மேல் அத்தனை அக்கறை வைத்த விமானத்தின் மாடலில் ஒரு பள்ளம் ஓடினால் கண் அங்கேதான் போய் நிற்கும்.

கடைப் பட்டி போதாதா?

மாடலுக்கென்றே டியூபில் பட்டி விற்கிறார்கள். நல்ல சரக்குதான். ஆனால் நம் ஊரில் கிட் கிடைப்பதுபோல இவை எளிதில் கிடைப்பதில்லை. எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான் உள்ள பசையையும் பட்டியையும் விமானத் தபாலில் அனுப்பக் கூடாது. பேரன் வெளிநாட்டிலிருந்து கிட் அனுப்பலாம். பசை அனுப்ப முடியாது.

சரி, நம் கைக்கு எட்டுவது என்ன? கார் பெயின்டர் பயன்படுத்தும் என்.சி. பட்டி இருக்கிறது. பூசலாம். ஆனால் அது பிளாஸ்டிக்கின் மேல் உட்காரும் விருந்தாளி. காய்ந்தால் சுருங்கும், விளிம்பில் மெலிதாகத் தேய்த்தால் பொடியாக உதிரும். பெரிய பள்ளத்துக்கு எம்-சீல் மாதிரி எபாக்ஸி நல்லது. இரண்டு பாகமும் வேதிவினையால் இறுகுவதால் சுருக்கம் மிகமிகக் குறைவு. ஆனால் அது பாலிஸ்டைரீனைவிடக் கெட்டி. தேய்க்கும்போது எபாக்ஸி அப்படியே நிற்கும், பக்கத்துப் பிளாஸ்டிக் கரைந்து பள்ளமாகிவிடும்.

சூப்பர் குளூ இன்னொரு வழி. இந்தச் சயனோஅக்ரிலேட்டை 1942-இல் ஈஸ்ட்மன் கோடாக்கில் ஹாரி கூவரின் குழு, துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடும்போது கண்டது. தொட்டதெல்லாம் ஒட்டிக்கொண்டதால் தொல்லை என்று ஒதுக்கினார்கள். 1958-இல் அந்தத் தொல்லையே பசையாகக் கடைக்கு வந்தது! அதோடு முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைக் குழைத்தால் நல்ல பட்டி. ஒரு நிபந்தனை: அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும். நாள் ஆக ஆக அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே குறை. நிரப்புகிற பொருள் ஒரு ஜாதி, நிரப்பப்படுகிற பொருள் வேறு ஜாதி. நம் ஊர்க் கைத்தொழிலாளிகளைப் பாருங்கள். ஆசாரி தேக்குக் கதவில் சந்து விட்டால் எதை வைத்து அடைக்கிறார்? அதே தேக்கின் தூளைப் பசையில் குழைத்து அடைக்கிறார். தங்கம் பற்றவைக்கிற ஆசாரி கொஞ்சம் வெள்ளியோ செம்போ சேர்த்து, நகையைவிடச் சற்றுக் குறைந்த சூட்டில் உருகும் தங்கப் பொடியையே வைக்கிறார். பழைய சுண்ணாம்புக் கட்டடத்தில் சிமென்ட் பூசினால் என்ன ஆகிறது? சிமென்ட் அசையாமல் நிற்கிறது. ஈரம் வெளியே போக வழியில்லாமல் பக்கத்துச் செங்கல் பொரிந்து விழுகிறது. அதனால்தான் சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே வேண்டும் என்கிறார்கள். இனம் இனத்தோடே என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

பாலிஸ்டைரீனுக்குப் பாலிஸ்டைரீன். அதுதான் ஸ்ப்ரூ பட்டி.

எப்படி வேலை செய்கிறது?

கெமிக்கல் டிபார்ட்மென்ட் நண்பர்கள் மன்னிக்க வேண்டும், எளிமையாகச் சொல்கிறேன். பாலிஸ்டைரீன் என்பது நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள், இடியாப்பச் சிக்கல் மாதிரி. சரியான கரைப்பான் இழைகளுக்கு நடுவே நுழைந்து, ஊறவைத்து, விலக்குகிறது. கரைப்பான் ஆவியாகிப் போனதும் இழைகள் மறுபடி பின்னிக்கொள்கின்றன. இதில்தான் விஷயம் இருக்கிறது. பட்டிக்குள் இருக்கும் கரைப்பான் சந்தின் இரண்டு கரைகளையும் கூட மேலோட்டமாக இளக்குகிறது. கரையின் இழையும் பட்டியின் இழையும் கலந்து பின்னிக்கொள்கின்றன. காய்ந்த பிறகு அங்கே பூச்சு என்று தனியாக ஒன்று இல்லை; பற்றவைத்த மாதிரி ஒரே பிளாஸ்டிக். தேய்த்தால் சமமாகத் தேயும். அதன்மேல் ஊசியால் கோடு கீறினால் பக்கத்துப் பிளாஸ்டிக்கில் விழுவது போலவே விழும். பெயின்ட் பூசினால் வரி தெரியாது.

எந்தக் கரைப்பான்? அசிட்டோன் 56 டிகிரியில் கொதிப்பது. ஆகவே சடுதியில் பறந்துவிடும். தனியாகப் போட்டால் பட்டி திரிதிரியாக, சவ்வாக வரும். ஈரக் காற்றுள்ள நாளில் இன்னொரு சங்கடமும் உண்டு. வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, வெளுத்த நொய்ப்பதமாகிவிடும். பியூட்டைல் அசிட்டேட் 126 டிகிரியில் கொதிப்பது, நிதானமாகப் போகும், பட்டி வழவழப்பாக வரும். டாமியா கம்பெனியின் மெல்லிய பசை இந்த இரண்டும் கலந்ததுதான். அது கிடைத்தால் அதுவே போதும். கிடைக்காவிட்டால் ஆய்வகச் சாமான் கடையில் இரண்டையும் வாங்கிச் சமமாகக் கலந்துகொள்ளலாம்.

நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம். அதில் எண்ணெயும் வாசனையும் சேர்த்திருப்பார்கள். அவை பட்டிக்குள்ளேயே தங்கிவிடும். பெயின்ட் கடையில் "தின்னர்" என்று கேட்டால் எதை வேண்டுமானாலும் ஊற்றித் தருவார்கள். எனாமலுக்குரிய மினரல் டர்பன்டைன் இந்த வேலைக்கு உதவாது. என்.சி. தின்னர் கரைக்கும், ஆனால் டின்னுக்கு டின் கலவை மாறும். ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீன் என்ற எண்ணெயும் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். அதை வைத்தே மணக்கும் மாடல் பசை விற்கிறார்கள். காய நேரமாகும், ஆனால் மூக்குக்கு இதம்.

மாணவர்கள் கேட்கப்போவது தெரியும். "சார், தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தானே?" உண்மைதான். தெர்மாகோல் என்பது காற்று ஊதிப் பொங்கிய பாலிஸ்டைரீன். அசிட்டோனில் போட்டால் சர்ரென்று அடங்கி ஒரு கை சுருண்ட பிசினாகும். ஆனால் அதில் குமிழ்கள் நிறைய நிற்கும். காய்ந்த பிறகு தேய்த்தால் ஊசிக்குத்தாகத் துளைகள் திறக்கும். அவசரத்துக்கு உதவும், முகத்துக்கு உதவாது. கண்காட்சிக்குச் செய்த தெர்மாகோல் மாடல்மேல் ஸ்பிரே பெயின்ட் அடித்து அது உருகி உள்வாங்குவதைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அதுவும் இதே வேதியியல்தான்.

செய்முறை

இனி சமையல். இறுக்கமான மூடி உள்ள சிறிய கண்ணாடிக் குப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நறுக்கித் தள்ளிய ஸ்ப்ரூவை இரண்டு மூன்று மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். முடிந்தால் அதே கிட்டின் ஸ்ப்ரூ. இல்லாவிட்டால் எந்தப் பாலிஸ்டைரீன் ஸ்ப்ரூவும் சரி, பெயின்ட் அடிக்கத்தானே போகிறோம். 10 மில்லி கரைப்பானுக்கு 3.5 கிராம் துண்டு. மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் பல்குத்தும் குச்சியால் கிண்டுங்கள். தோசை மாவுப் பதத்தில் இருந்தால் மெல்லிய கோடுகளுக்கு ஆகும். இன்னும் இரண்டு நாள் துண்டு சேர்த்து இட்லி மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்தால் பள்ளத்துக்கு ஆகும். கெட்டியாகிப் போனால் இரண்டு சொட்டு கரைப்பான் விடுங்கள், மறுபடி உயிர் வரும். ஒரு குப்பி ஒரு வருடம்கூட ஓடும்.

இப்போது ஒரு கணக்கு. பாலிஸ்டைரீனின் அடர்த்தி 1.05. 3.5 கிராம் என்றால் 3.3 மில்லி. கரைப்பான் 10 மில்லி. மொத்தம் 13.3. காய்ந்த பின் மிஞ்சுவது கால் பங்கு! அதாவது பள்ளத்தைச் சமமாக நிரப்பினால் காய்ந்ததும் முக்கால் பள்ளம் பாக்கி. மறுபடி நிரப்பினால் அந்த முக்காலில் முக்கால் பாக்கி. ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் ஐந்து தடவை வைத்த பிறகும் கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் குழி இருக்கும். மேடாக வைத்தால் தடவை குறையும், காத்திருப்பது குறையாது. ஒவ்வொரு பூச்சுக்கும் குறைந்தது 24 மணி நேரம், தடிமனான இடத்தில் இரண்டு நாள். மேலே தோல் கட்டியிருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். அவசரப்பட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிட்டால், உள்ளே மிஞ்சிய கரைப்பான் மெல்ல வெளியேறி, மாதம் கழித்து அந்த வரி ஆவி மாதிரித் திரும்பி வரும்.

இந்தக் கணக்கிலிருந்து கிடைக்கும் பாடம் இது: ஸ்ப்ரூ பட்டி மெல்லிய சந்துக்குத்தான். அரை மில்லிமீட்டருக்கு மேல் போனால் முதலில் பிளாஸ்டிக் தகட்டைச் சீவி ஆப்பு மாதிரிச் செருகுங்கள். தகடு இல்லையா? ஸ்ப்ரூ துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே, சுடரில் படாமல், சுழற்றிக் காட்டுங்கள். 100 டிகிரியைத் தாண்டியதும் இளகும். வெளியே எடுத்து இரண்டு பக்கமும் இழுத்தால் பாகு கம்பிப் பதம் வந்த மாதிரி இழை ஓடும். அந்த இழையைச் சந்தில் படுக்கவைத்துப் பசை தொட்டுவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மிச்சத்துக்குப் பட்டி. ஆனால் கவனம்: சுடர் வேலை ஓர் அறையில், கரைப்பான் வேலை வேறோர் அறையில், வேறொரு நாளில்.

தேய்க்கும்போது ஆரம்பத்துக்கு 400, பிறகு 600, 1000 நம்பர் வாட்டர் பேப்பர். ஹார்டுவேர் கடை உப்புத்தாள் இதற்கு முரடு. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது, தாளும் அடைக்காது. பிறகு சாம்பல்நிற பிரைமர் ஒரு மெல்லிய கை. பிரைமர் பொய் சொல்லாது. தடவினால் விரலுக்குத் தெரியாத குழிகூட அதில் தெரிந்துவிடும். தெரிந்தால் மறுபடி பட்டி, மறுபடி தாள்.

எல்லாவற்றுக்கும் முதல் விதி ஒன்று உண்டு. நல்ல பட்டி என்பது தேவைப்படாத பட்டி. ஒட்டுவதற்கு முன் இரண்டு பாகத்தையும் வெறுமனே சேர்த்துப் பாருங்கள். இடிக்கிற இடத்தை அரத்தால் சீவுங்கள். பசை வைத்து அழுத்தும்போது விளிம்பில் இளகிய பிளாஸ்டிக் மணிமணியாகப் பிதுங்க வேண்டும். அதைத் துடைக்காதீர்கள். அதுவே பட்டி, காய்ந்ததும் சீவிவிட்டால் போதும்.

இரண்டு இடத்தில் ஸ்ப்ரூ பட்டி ஆகாது. விமானி அறையின் கண்ணாடிக் கூண்டு முதலாவது. அதுவும் பாலிஸ்டைரீன்தான், ஆனால் கரைப்பான் ஆவி பட்டால் மங்கும், மயிரிழை வெடிப்பு விடும். சூப்பர் குளூவும் வெள்ளையாகப் புகை படியவைக்கும். அங்கே தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசைதான் சரி. ஈர விரலால் துடைத்தால் மிச்சம் போய்விடும். இரண்டாவது, மெல்லிய பாகங்கள். நிறைய அள்ளி அப்பினால் பாகமே இளகி உட்கார்ந்துவிடும்.

வீட்டில் இருப்பவர்களுக்காக

இதைச் சொல்லாமல் போனால் பாவம். அசிட்டோன் ஆவி காற்றைப்போல இரண்டு மடங்கு கனம். மேலே போகாது, தரையில் தவழ்ந்து ஓடும். கீழே வைத்த குத்துவிளக்கோ, கொசுவர்த்தியோ, பக்கத்து அறை அடுப்போ போதும். பூஜ்யத்துக்குக் கீழே உள்ள குளிரில்கூடப் பற்றிக்கொள்ளும் திரவம் அது. ஜன்னல் திறந்த அறையில், சிறிய அளவில் வேலை செய்யுங்கள். ஏ.சி. போட்டுக் கதவை அடைத்துக்கொண்டு அல்ல. பெட்ரோலில் தெர்மாகோலைக் கரைக்கும் வீரசாகசம் அறவே வேண்டாம். பற்றிய தீ உடம்பில் ஒட்டிக்கொண்டு எரியும்.

குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். ஒரு குழந்தை குடித்தால் போதும். குப்பியின் மேல் தமிழில் பெயர் எழுதி ஒட்டுங்கள். விருந்துக்குக் கொடுக்கும் பிளாஸ்டிக் டம்ளரிலும் ஊற்றாதீர்கள். பாலிஸ்டைரீன் டம்ளராக இருந்தால் டம்ளரே பட்டியாகிவிடும். இன்னொன்று, வேட்டி கட்டிக்கொண்டு மடியில் வைத்துச் சூப்பர் குளூ வேலை செய்யாதீர்கள். அது பருத்தித் துணியில் கொட்டினால் வேதிவினை சுடச்சுட நடக்கும், தோல் கொப்பளிக்கும். சிரிக்கிறீர்கள், ஆனால் நம் வயதில் எல்லோரும் வேட்டியில்தான் இருக்கிறோம்.

இனி அந்த ஸ்பிட்ஃபயர்

வழக்குக்கு வருகிறேன். கமிட்டியின் அனுமதியோடு நேற்று மாலை கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இடது இறக்கையின் அடியில் சந்து அகலமான இடத்தில் ஒரு மில்லிமீட்டர். அசலில் 24. வலது பக்கம் அதில் பாதி. ஜன்னல் வெயில் பட்ட பக்கம் பிளாஸ்டிக் மஞ்சளித்திருக்கிறது, சற்று நொறுங்கும் தன்மையும் வந்திருக்கிறது. ஆனால் பாகங்கள் எல்லாம் முழுசாக இருக்கின்றன. உடையவில்லை, விட்டிருக்கிறது, அவ்வளவுதான். உடைவதும் விடுவதும் வேறு.

அந்தச் சந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். இறக்கையின் உட்புறத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது. ஆறு ரோல் நம்பர்கள். ஒட்டி மூடுவதற்கு முன்னால், இனி யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஆறு பேரில் இரண்டு பேர் இன்று நம்மிடையே இல்லை. ஒருவர் இந்த அரங்கத்தில்தான் இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

3டி பிரின்டர் மீது எனக்கு விரோதம் இல்லை. புதிய விமானம் அழகாகவே வரும். ஆனால் அதன் இறக்கைக்குள் ஒன்றும் எழுதியிருக்காது.

ஆகையால் என் யோசனை இது. பழைய பட்டியை முழுக்கச் சுரண்ட வேண்டும். சந்தின் இரு கரையிலும் மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்குப் பெயின்ட்டை எடுக்க வேண்டும். பெயின்ட்டின் மேல் இந்தப் பட்டி பிடிக்காது. கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டுக் கரைப்பான் தொட்டு, பழைய பிளாஸ்டிக் எப்படி இளகுகிறது என்று சோதிக்க வேண்டும். இடது பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் தகடு செருகி, மிச்சத்துக்கு ஸ்ப்ரூ பட்டி. வலது பக்கத்துக்குப் பட்டி மட்டும் போதும். கூண்டுக்கு வெள்ளைப் பசை. பூச்சுக்குப் பூச்சு காத்திருந்தால் மூன்று வாரம். செலவு, இன்று மதியச் சாப்பாட்டில் ஓர் இலைக்கு ஆகும் செலவைத் தாண்டாது. பெட்டியை ஜன்னல் வெயிலிலிருந்து மட்டும் நகர்த்தி வையுங்கள்.

இந்த வேலையை நான் ஒருவனாகச் செய்ய விரும்பவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஆறு பேர் வேண்டும். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம். குப்பி, தாள், அரம் நான் கொண்டுவருகிறேன். மூடுவதற்கு முன் அந்த எழுத்தைப் படம் எடுத்துச் சங்கத்திடம் கொடுத்துவிடுவோம். பிறகு ஆறு ரோல் நம்பர்களுக்குப் பக்கத்தில் உங்கள் ஆறு நம்பர்களையும் பென்சிலால் எழுதுங்கள். அதன் பிறகு அடைப்போம். அடுத்த முறை அது எப்போது விடுமோ, யார் டார்ச் அடித்துப் பார்ப்பார்களோ, அது அவர்கள் பாடு.

கமிட்டி தயவுசெய்து பரிசீலிக்க வேண்டும். கேள்வி இருந்தால் சாப்பாட்டு வரிசையில் கேளுங்கள், பதில் சொல்கிறேன். 

(உரைக்குப் பின் பெயர் கொடுத்த மாணவர்கள் பதினொரு பேர். கமிட்டி யோசனையை ஏற்றுக்கொண்டது. - மலர்க் குழு)